வெள்ளிக்கிழமை மதியமே மூடும் பள்ளி: யூத டே ஸ்கூலில் ஒரு வாரம்

நியூ ஜெர்சியின் டீனெக், லண்டனின் கோல்டர்ஸ் கிரீன், டொரொன்டோவின் பாதர்ஸ்ட் தெரு போன்ற இடங்களில் வசிக்கும் தமிழர்களுக்கு யூதப் பள்ளிக்கூடங்கள் தினமும் கண்ணில் படுபவை. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால்தான் ஆளுக்கு ஒரு பதில் வரும். வேத பாடசாலை மாதிரி, ராபி, அதாவது யூத மதகுரு, ஆவதற்குப் படிக்கிற இடம் என்பார் ஒருவர். அதெல்லாம் இல்லை, சாதாரணத் தனியார் பள்ளிதான், ஹீப்ரு ஒரு பாடம் கூடுதல் என்பார் அடுத்தவர். பெயரில் 'டே ஸ்கூல்' இருப்பதால் ஹாஸ்டல் இல்லாத பள்ளி என்று முடிவு கட்டியவர்களும் உண்டு.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல். இந்தப் பள்ளிகளைப் புரிந்துகொள்ளப் பாடத்திட்டத்தைவிட அவற்றின் வாரத்தைப் பார்ப்பது நல்ல வழி என்பது என் எண்ணம். வாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால், அங்கே பேசப்படும் 'சமூக வாழ்க்கை' எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில், அது என்ன மாதிரிப் பள்ளி?

அமெரிக்காவில் யூதக் குடும்பங்களுக்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பொதுவாக இரண்டு வழிகள். ஒன்று, அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஞாயிறு காலையிலோ வார நாள் மாலையிலோ சில மணி நேரம் மத வகுப்புக்கு அனுப்புவது. இன்னொன்று, கணக்கு, அறிவியல், ஆங்கிலம், தோரா, ஹீப்ரு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் முழுநேரப் பள்ளியில் சேர்ப்பது. இந்த இரண்டாவதுதான் டே ஸ்கூல். மாலை வகுப்பு கிடையாது, முழு நாள் பள்ளி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள்.

தோரா என்பது மோசேயின் ஐந்து நூல்கள். கிறிஸ்தவர்களின் பைபிளில் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை வருபவை அவை. டே ஸ்கூலில் ஒரு பிள்ளை காலையில் தோராவும் பிரார்த்தனையும் படித்துவிட்டு மதியம் பின்னங்களும் ஒளிச்சேர்க்கையும் படிக்கும். சில பள்ளிகளில் வரிசை மாறும், சில பள்ளிகளில் இரண்டும் நாள் முழுக்கக் கலந்து வரும். இரட்டைப் பாடத்திட்டம் என்பார்கள். இரண்டு பள்ளிகளின் பாடத்தை ஒரே நாளில் அடைப்பதால் பள்ளி நேரமும் நீளம். உயர்நிலை வகுப்புகளில் காலை எட்டுக்குப் போனால் மாலை ஐந்து, ஆறு ஆகிவிடுவது சாதாரணம். அப்புறம் கல்லூரி நுழைவுத் தேர்வு, மருத்துவம், சட்டம் எல்லாம் மற்ற பிள்ளைகளைப் போலத்தான். ராபி ஆகிறவர்கள் கொஞ்சம் பேர்.

எல்லா டே ஸ்கூலும் ஒரே அச்சு என்று நினைக்க வேண்டாம். தீவிர ஆசாரப் பிரிவினரின் பள்ளிகளில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் தனித்தனியாகப் படிக்கிறார்கள். அவர்களில் ஒரு பிரிவான ஹசிதிக் யூதர்களின் பள்ளிகள் பலவற்றில் மதப் பாடம் நடப்பதே கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பழைய பேச்சுமொழியான யித்திஷில். நவீன ஆசாரப் பள்ளிகள் கல்லூரிப் படிப்புக்கும் மதப் படிப்புக்கும் சம எடை கொடுப்பவை. 1937-இல் மன்ஹாட்டனில் தொடங்கிய ராமாஸ் பள்ளியும், அதே ஆண்டில் பாஸ்டனில் தொடங்கிய மைமோனிடிஸ் பள்ளியும் இந்த வகையின் பழைய உதாரணங்கள். ஆசாரத்தில் அவர்களைவிடச் சற்றுத் தளர்வான 'கன்சர்வேடிவ்' என்ற யூதப் பிரிவுக்கு ஷெக்டர் பள்ளிகள் இருக்கின்றன. எல்லாப் பிரிவினரும் சேர்ந்து படிக்கும் சமூகப் பள்ளிகளும் உண்டு. இந்தக் கட்டுரையில் சொல்வது பெரும்பாலும் நடுவில் இருக்கும் நவீன ஆசாரப் பள்ளிகளையும் சமூகப் பள்ளிகளையும் மனதில் வைத்து.

எண்ணிக்கை என்று பார்த்தால், 2013-14 கல்வியாண்டில் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 861 யூதப் பள்ளிகளில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் படித்தார்கள். அதில் பெரும்பகுதி நியூ யார்க், நியூ ஜெர்சி மாநிலங்களில்.

வாரத்துக்கு ஒரு பகுதி

இனி வாரத்துக்கு வருவோம். மார்கழி மாதத்தில் பெருமாள் கோயில் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். திருப்பாவையில் முப்பது பாசுரங்கள், நாளுக்கு ஒன்று. இன்று எந்தப் பாசுரம் என்றால் தேதி தெரியும். தேதி தெரிந்தால் பாசுரம் தெரியும். ஸ்ரீரங்கத்திலும் மாம்பலத்திலும் சிங்கப்பூரிலும் அன்று எல்லோர் வாயிலும் அதே பாசுரம். இருபத்தேழாம் நாள் 'கூடாரை வெல்லும்' வந்தால் அடுப்பில் அக்காரவடிசல் ஏறிவிடும். அதாவது பாட்டு சமையலறை வரைக்கும் வந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டை ஒரு மாதத்திலிருந்து ஆண்டு முழுவதற்கும் நீட்டி, நாளுக்கு ஒன்று என்பதை வாரத்துக்கு ஒன்று என்று மாற்றினால் யூதர்களின் பராஷா முறை கிடைத்துவிடும். தோரா முழுவதையும் 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பராஷா என்று பெயர். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜெப ஆலயத்தில் அந்த வாரத்தின் பராஷாவை வாசிப்பார்கள். பொதுவாக இலையுதிர் காலத்தில் சிம்ஹத் தோரா என்ற பண்டிகையன்று கடைசிப் பகுதியை முடித்து, அன்றே முதல் பகுதியை மறுபடி ஆரம்பிப்பார்கள். வாரங்கள் போதாத ஆண்டில் சில பகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வாசிப்பதும் உண்டு. பியூனஸ் அயர்ஸ், மெல்போர்ன், புரூக்ளின் என்று எங்கே போனாலும் அந்த வாரம் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பக்கத்தில்தான் இருப்பார்கள்.

டே ஸ்கூலின் வாரம் இந்தப் பராஷாவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நோவா பேழை கட்டிய கதை வரும் வாரத்தில் மழலையர் வகுப்புக்குப் பிள்ளைகள் பஞ்சு அடைத்த மிருக பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆபிரகாம் ஊரை விட்டுக் கிளம்பும் வாரத்தில், 'நீ கிளம்பினால் பெட்டியில் எதை எடுத்து வைப்பாய்?' என்று ஒரு வகுப்பு நடக்கும். ஜனவரி, பிப்ரவரி வாக்கில் செங்கடலைக் கடந்தவர்கள் பாடிய பாட்டு வரும். அந்த வாரத்தில் பறவைகளுக்குத் தீனி போடுவது ஒரு பழைய வழக்கம் என்பதால் பள்ளி மரங்களில் பிள்ளைகள் செய்த தீனிக் கூடுகள் தொங்கும். பெரிய வகுப்புகளில் விளையாட்டு குறைந்து விவாதம் கூடும்: யோசேப்பை அவனுடைய அண்ணன்கள் விற்றார்களே, அதில் தந்தை யாக்கோபுக்குப் பங்கு உண்டா? ஒரே மகனுக்கு மட்டும் அழகான அங்கி தைத்துக் கொடுத்தது யார் தப்பு?

இந்த விவாதத்துக்கு ஒரு முறை இருக்கிறது. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் மறுத்துப் பேசிப் படிப்பது. இதற்கு ஹவ்ருதா என்று பெயர். வகுப்பறைக்கு வெளியே நின்று கேட்டால் சண்டை நடக்கிறது என்றே தோன்றும். அமைதியான வகுப்புதான் நல்ல வகுப்பு என்று நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது பழகக் கொஞ்ச காலம் ஆகும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: டே ஸ்கூல் என்பது பொதுக் கல்வியும் யூதக் கல்வியும் சேர்ந்த முழுநேரப் பள்ளி. அதன் வாரத்துக்கு ஒரு தலைப்பு உண்டு. அந்தத் தலைப்பைத் தலைமையாசிரியர் தேர்ந்தெடுப்பதில்லை, பராஷா தேர்ந்தெடுக்கிறது.

வெள்ளிக்கிழமை ஏன் அவ்வளவு முக்கியம்?

யூதர்களின் நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குகிறது. அதனால் சனிக்கிழமை ஓய்வுநாளான ஷப்பாத், வெள்ளிக்கிழமை மாலையே ஆரம்பித்துவிடும். சனிக்கிழமை இருட்டி நட்சத்திரங்கள் தெரியும்வரை நீடிக்கும். அந்த நேரம் முழுக்கச் சில வகை வேலைகள் கூடாது. பழைய சட்ட நூல்கள் 39 வகைகளைப் பட்டியல் போடுகின்றன: நெருப்பு மூட்டுவது, சமைப்பது, எழுதுவது, தைப்பது என்று போகும். இன்றைய ஆசார யூதர்களுக்கு இதன் நடைமுறைப் பொருள்: கார் ஓட்டக் கூடாது, ஸ்விட்ச் போடக் கூடாது, போனைத் தொடக் கூடாது. மற்றப் பிரிவினர் இதில் பல அளவுகளில் தளர்வாக இருப்பார்கள்.

வீட்டில் மெழுகுவத்தி ஏற்றித்தான் ஷப்பாத்தை வரவேற்பார்கள். பல ஊர்களில் அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்பு அதற்கான நேரம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் மாத நியூ யார்க்கில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகிவிடும், கவலை இல்லை. டிசம்பரில் நாலரைக்கே மறைந்துவிடும். லண்டன் இன்னும் மோசம். நான்கு மணிக்கு முன்பே இருட்டு. அதற்குள் ஆசிரியர்கள் வீடு போய்ச் சேர வேண்டும், சமையல் முடிந்திருக்க வேண்டும், பிள்ளைகள் குளித்திருக்க வேண்டும். அதனால் குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் மதியம் ஒன்று, இரண்டு மணிக்கெல்லாம் கடைசி பெல் அடித்துவிடுவார்கள். பள்ளி நேரத்தைச் சூரியன் முடிவு செய்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

பாதி நாள்தானே என்று வெள்ளிக்கிழமையைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது. வாரத்திலேயே பள்ளி கலகலப்பாக இருப்பது அன்றுதான். மழலையர் வகுப்பில் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பெண் பிள்ளை 'ஷப்பாத் இமா', ஒரு பையன் 'ஷப்பாத் அபா'. அதாவது அன்றைய வீட்டின் அம்மாவும் அப்பாவும். அவர்களுடைய நிஜப் பெற்றோரும் அன்று விருந்தாளிகளாக வந்து உட்காருவார்கள். இமா மெழுகுவத்தி ஏற்றுவதுபோல் பாவனை செய்வாள். அபா திராட்சைச் சாற்றுக் கோப்பையைத் தூக்கிப் பிடித்து ஆசி சொல்வான். அப்புறம் ஹலா. இது முட்டை சேர்த்துப் பின்னல் மாதிரி முறுக்கிச் சுட்ட ரொட்டி. காலையில் பிள்ளைகளே மாவு பிசைந்து முறுக்கியதை ஒரு பையில் போட்டு வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார்கள். அந்தக் கோணல்மாணல் ரொட்டிதான் அன்று இரவு மேசையில் முதலில் வெட்டப்படும்.

பாட்டுக்கு முன்னால் ஒரு உண்டியல் சுற்றி வரும். செதாகா என்றால் தருமம் என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் அவர்களுக்கு அது விருப்பப்பட்டால் செய்கிற நல்ல காரியத்தைவிடக் கடமைக்கு நெருக்கமானது. வெள்ளிக்கிழமை மெழுகுவத்திக்கு முன் சில்லறை போடுவது வீடுகளிலேயே இருக்கும் வழக்கம், பள்ளி அதைப் பின்பற்றுகிறது. சேர்ந்த காசை எங்கே கொடுப்பது என்று பல பள்ளிகளில் பிள்ளைகளே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள்.

திங்களும் வியாழனும்

தோராவைச் சனிக்கிழமை மட்டும் வாசிப்பதில்லை. திங்கள், வியாழன் காலைப் பிரார்த்தனையிலும் வரப்போகும் பராஷாவின் ஆரம்பத்திலிருந்து கொஞ்சம் வாசிப்பார்கள். மூன்று நாள் தொடர்ந்து தோரா இல்லாமல் போகக் கூடாது என்று பைபிள் கால வேத அறிஞரான எஸ்றா ஏற்படுத்திய ஏற்பாடு இது என்கிறது தல்மூத். தல்மூத் என்பது யூதச் சட்டங்களையும் அவற்றின் மேலான வாதங்களையும் தொகுத்த பழைய பெருநூல். அந்தக் காலத்தில் இவை சந்தை கூடும் நாட்களாகவும் இருந்தன. கிராமத்து ஜனங்கள் எப்படியும் ஊருக்குள் வருவார்கள்.

பள்ளியில் இதன் விளைவு என்ன? தோராச் சுருளைத் திறந்து வாசிக்கப் பத்து பேர் வேண்டும். அந்தப் பத்து பேர் குழுவுக்கு மின்யான் என்று பெயர். ஆசாரப் பள்ளிகளில் 13 வயது நிரம்பிய ஆண்கள் மட்டும் கணக்கில் வருவார்கள். மற்றப் பிரிவுப் பள்ளிகளில் பெண்களும் சேர்வார்கள். ஆகவே எட்டாம் வகுப்பு வரும்போது, நேற்றுவரை சின்னப் பையனாக இருந்தவன் திடீரென்று எண்ணிக்கையில் ஒருவன் ஆகிறான். ஒன்பது பேர் நின்றுகொண்டு பத்தாவது ஆளுக்காகக் காத்திருக்கும்போது, தூக்கக் கலக்கத்தோடு உள்ளே வரும் அந்தப் பதின்மூன்று வயசுப் பையனுக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. பிள்ளைகளுக்குப் பொறுப்பைப் பற்றி எவ்வளவோ வகுப்பு எடுக்கிறோம். இவ்வளவு நேரடியாக உணர்த்தும் ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்த வயதை எட்டியதைக் கொண்டாடுவதுதான் பார் மிட்ஸ்வா. பெண் பிள்ளைகளுக்கு பட் மிட்ஸ்வா, ஆசாரக் குடும்பங்களில் 12 வயதில். பையன் சுருளிலிருந்து பொதுவில் வாசிப்பது இதன் மையம். சுருள் கையால் எழுதியது. அதில் உயிரொலிக் குறிகளும் இல்லை, நிறுத்தக் குறிகளும் இல்லை, ராகக் குறிப்பும் இல்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டுதான் நிற்க வேண்டும். பல பையன்கள் சனிக்கிழமை பெரிய வாசிப்புக்கு முன்பாகத் திங்களிலோ வியாழனிலோ வகுப்புத் தோழர்கள் நடுவில் சிறிதாக வாசித்துப் பார்ப்பார்கள். முடிந்ததும் மிட்டாய் வீசி, கைகோத்து ஆட்டம் போட்டுவிட்டு முதல் பீரியட் கணக்கு வகுப்புக்குப் போவார்கள்.

ஒரு வாரக் கடிதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் போகும். வெளியாள் படித்தால் பாதி புரியாது. உதாரணத்துக்கு, 2025 டிசம்பர் 12-ஆம் தேதி நியூ யார்க் பக்கத்துப் பள்ளி ஒன்றின் கடிதம் எப்படி இருக்கும் என்று நானே எழுதிக் காட்டுகிறேன்:

"பராஷா: வயேஷெவ். மெழுகுவத்தி நேரம்: 4:11. இன்று 1 மணிக்குப் பள்ளி முடியும். இரண்டாம் வகுப்பு மாணவிக்குத் தம்பி பிறந்திருக்கிறான், மஸல் தோவ்! நான்காம் வகுப்பு ஆசிரியையின் தந்தை காலமானார். புதன் காலை வரை ஷிவா. கோட்டுச் சேகரிப்பு திங்கள் வரை. ஞாயிறு இரவு ஹனுக்கா முதல் விளக்கு. வாரம் முழுக்கக் காலைப் பாட்டு. வியாழன்: எட்டாம் வகுப்பில் தோரா வாசிப்பு."

இனி இதைப் படிக்கலாம். வயேஷெவ் என்பது யோசேப்பின் கனவுகளும் அங்கியும் வரும் பகுதி. குளிருக்குக் கோட்டு இல்லாதவர்களுக்காகப் பழைய கோட்டு சேகரிப்பது ஏன் இந்த வாரத்தில் என்பதற்குப் பதிலும் அங்கேயே இருக்கிறது. 4:11 என்பது அன்றைய அஸ்தமனத்துக்குப் பதினெட்டு நிமிடம் முன்பு. மஸல் தோவ் என்றால் வாழ்த்து. ஆனால் அந்த வரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரசவமான வீட்டுக்கு யார் எந்த நாள் சமைத்து அனுப்புவது என்று வகுப்புத் தாய்மார்கள் பட்டியல் போட ஆரம்பிக்க அதுதான் சமிக்ஞை.

ஷிவா என்பது அடக்கத்துக்குப் பின் வரும் ஏழு நாள் துக்கம். துக்க வீட்டார் வெளியே போக மாட்டார்கள், வீட்டிலேயே தாழ்வாக உட்கார்ந்திருப்பார்கள். பிரார்த்தனைக்குப் பத்து பேர் அந்த வீட்டுக்கு வர வேண்டும், சாப்பாட்டை மற்றவர்கள் கொண்டுவர வேண்டும். ஆகவே கடிதத்தில் வரும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் சக ஆசிரியர்கள், பெற்றோர்கள், பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்று பலரின் அடுத்த வார மாலைகள் இருக்கின்றன. யாராவது இரக்கப்பட்டு வரட்டும் என்று விட்டுவைக்காமல், பத்து பேர் இல்லாவிட்டால் நடக்காது என்று சட்டமே போட்டு வைத்திருப்பதால், வருகிறார்கள்.

ஹனுக்கா எட்டு நாள் விளக்குத் திருநாள். அதில் வேலை செய்யத் தடை இல்லை என்பதால் பெரும்பாலும் பள்ளி உண்டு. எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு அடை, ஜாம் அடைத்த டோனட் என்று அந்த வாரம் போகும். பெற்றோர்கள் உடம்பு எடையைப் பற்றிப் புலம்புவது தனிக் கதை.

நடந்து போகும் தூரத்தில் ஒரு ஊர்

இதில்தான் சமூகம் எப்படி உருவாகிறது என்ற பதில் இருக்கிறது. ஷப்பாத் அன்று கார் ஓட்டக் கூடாது என்றால் ஜெப ஆலயம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் எல்லோரும் ஆலயத்தைச் சுற்றியே வீடு தேடுவார்கள். ஆள் சேர்ந்த இடத்தில் கோஷர் கடை வரும். கோஷர் என்பது யூத உணவுச் சட்டத்துக்கு உட்பட்டது என்று பொருள். பன்றி, இறால் கிடையாது, இறைச்சியையும் பாலையும் ஒன்றாகச் சாப்பிடக் கூடாது. கடை வந்த இடத்துக்கு இன்னும் குடும்பங்கள் வரும், பள்ளி வரும். டீனெக், கோல்டர்ஸ் கிரீன், லாஸ் ஏஞ்சலஸின் பிகோ-ராபர்ட்சன், மெல்போர்னின் கால்ஃபீல்ட் எல்லாம் இப்படித் திரண்ட பகுதிகள்தான்.

விளைவு: திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்பில் பார்க்கும் முகங்களையே சனிக்கிழமை காலை ஆலயத்திலும், மதியம் யாராவது வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும், சாயங்காலம் பூங்காவிலும் பார்க்கலாம். போன் கிடையாது, டிவி கிடையாது, எங்கேயும் ஓட முடியாது. பிள்ளைகள் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்குப் போய் வருவதைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. இதன் மறுபக்கமும் உண்டு. வகுப்பில் ஒருத்தியோடு சண்டை என்றால் அவளிடமிருந்து தப்பிக்க வாரக்கடைசியில்கூட வழி இல்லை. கணித ஆசிரியர் ஆலயத்தில் அடுத்த வரிசையில் நிற்பார். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்த கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சுகமும் மூச்சுமுட்டலும் விளக்காமலே புரியும்.

கோஷர் சட்டம் பிறந்தநாளையும் விடுவதில்லை. வகுப்பில் எல்லார் வீட்டு ஆசாரமும் ஒரே அளவு இருக்காது. ஆகவே வீட்டில் செய்த கேக்கைப் பல பள்ளிகள் அனுமதிப்பதில்லை. சான்று முத்திரை ஒட்டிய, பிரிக்காத பெட்டிதான் உள்ளே வரலாம். விருந்தைச் சனிக்கிழமை பகலில் வைக்கக் கூடாது, எந்தப் பிள்ளையும் சாப்பிடாமல் நிற்கும்படி வைக்கக் கூடாது. கண்டிப்பான விதி என்று தோன்றினாலும் நோக்கம் எளிது: இருப்பதிலேயே கடுமையாகக் கடைப்பிடிக்கும் வீட்டுப் பிள்ளையும் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

ஆக, இங்கே சமூக வாழ்க்கை என்பது யாரோ திட்டம் போட்டு நடத்தும் நிகழ்ச்சி வரிசையாக வரவில்லை. அஸ்தமன நேரம், நடை தூரம், பத்து பேர் எண்ணிக்கை, பொதுச் சாப்பாடு என்ற கட்டுப்பாடுகள் மனிதர்களை ஒருவர்மேல் ஒருவர் சாய வைக்கின்றன. பள்ளி அந்தச் சாய்வின் மேல் கட்டப்பட்டது.

வாரமே இல்லாத மாதம்

செப்டம்பரில் பள்ளி திறந்து சூடு பிடிப்பதற்குள் பண்டிகைகள் வந்துவிடும். 2025-இல் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செப்டம்பர் 23, 24. உபவாச நாளான யோம் கிப்பூர் அக்டோபர் 2. குடில் பண்டிகையான சுக்கோத் அக்டோபர் 7-இல் ஆரம்பித்து, சிம்ஹத் தோரா 15-இல் முடிந்தது. வேலைக்குப் போகும் பெற்றோர்கள் இந்த மூன்று வாரத்தை எப்படித் தள்ளுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். யூத நாட்காட்டியின் மாதம் நிலவைப் பின்பற்றுவது. பருவத்தோடு ஒட்டி நிற்க 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதனால் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு ஊசலாடும். பள்ளி நாட்காட்டியை எழுதுவது லேசான வேலை இல்லை.

வாசலில் காவலர், உள்ளே வர விதி

இந்தப் பள்ளிகளுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு உறுத்துவது வாசல்தான். உயர்ந்த வேலி, கேமரா, காவலர். 2012 மார்ச் 19 அன்று பிரான்சின் துலூஸ் நகரில் ஓசார் ஹத்தோரா பள்ளி வாசலில் ஓர் ஆசிரியரும் மூன்று குழந்தைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது மாதிரியான பயம் இருப்பதால் பாதுகாப்புச் செலவு பள்ளி பட்ஜெட்டில் ஒரு நிரந்தர வரி. பிரிட்டனில் அரசே யூதப் பள்ளிகளின் காவலுக்குப் பணம் தருகிறது. பல இடங்களில் பெற்றோர்களும் முறை வைத்து வாசலில் நிற்கிறார்கள்.

யாரைச் சேர்ப்பது என்பது வேறு வகை வாசல். லண்டனின் ஜேஎஃப்எஸ் (முன்பு 'ஜூஸ் ஃப்ரீ ஸ்கூல்') என்ற யூதப் பள்ளியின் வேர் 1732 வரை போகிறது; 1900 வாக்கில் கிழக்கு லண்டனின் குடியேறிகள் பிள்ளைகள் நாலாயிரத்துக்கு மேல் அங்கே படித்தார்கள். அந்தப் பள்ளி ஒரு பையனைச் சேர்க்க மறுத்தது. காரணம், அவன் தாய் யூத மதத்துக்கு மாறிய விதத்தை ஆசாரப் பிரிவின் தலைமை ராபி அலுவலகம் ஏற்கவில்லை. யூத அடையாளம் தாய்வழியில் வருவது என்பதால் பையனும் யூதனாகக் கருதப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009 டிசம்பரில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தாய்வழியைப் பார்த்துச் சேர்ப்பது இனப் பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகு பிறப்பைக் கேட்காமல், ஆலயத்துக்குப் போவது போன்ற நடைமுறையைப் பார்க்கும்படி சேர்க்கை விதி மாறியது. மதத்துக்குள்ளே பல நூற்றாண்டுக் கேள்வி ஒன்று, பள்ளி விண்ணப்பப் படிவத்தில் வந்து நின்றது.

ஃபீஸ்

கடைசியாக, பெற்றோர்கள் கூடும் இடத்தில் எல்லாம் அடிபடும் பேச்சு. அமெரிக்காவில் அரசு உதவி குறைவு. பல நகரங்களில் டே ஸ்கூல் கட்டணம் பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலரைத் தாண்டுகிறது, உயர்நிலைப் பள்ளியில் இன்னும் மேலே. மூன்று, நான்கு பிள்ளைகள் சகஜமான சமூகத்தில் இது பெரிய பாரம். வருமானத்தைக் காட்டிச் சலுகை கேட்கலாம். கணிசமான குடும்பங்கள் கேட்கின்றன. மீதிக் குழிக்கு ஆண்டு விருந்து வைத்து நன்கொடை வாங்குவார்கள். மார்ச் வாக்கில் வரும் பூரிம் பண்டிகைக்குத் தின்பண்டக் கூடை அனுப்பும் வழக்கத்தைப் பெற்றோர் சங்கமே எடுத்து நடத்தி, அதிலும் நிதி சேர்ப்பார்கள். இத்தனைக்குப் பிறகும் கட்ட முடியாமல் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. அப்படி மாறிய குடும்பத்துக்கு மேலே சொன்ன வாரம் முழுவதும் மெல்ல நழுவிப் போகும் என்பதுதான் இதில் கொடுமை. சமூகத்தில் இருக்க நுழைவுக் கட்டணம் என்று ஒன்று வந்துவிட்டது என்று அவர்களுக்குள்ளேயே கோபமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமான கோபம் என்றே எனக்குப் படுகிறது.

எங்கே வாழ்கிறோம் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். இங்கிலாந்தில் ஜேஎஃப்எஸ் உட்படப் பல யூதப் பள்ளிகளில் பொதுப் பாடத்துக்கான செலவை அரசு ஏற்கிறது. மதப் பாடத்துக்கு மட்டும் பெற்றோரிடம் விருப்பத் தொகை கேட்பார்கள். ஃப்ளோரிடாவில் 2023 முதல் எந்த வருமானக் குடும்பமும் அரசு உதவித்தொகையைத் தனியார் பள்ளிக்குப் பயன்படுத்தலாம், யூதப் பள்ளியும் அதில் சேர்த்தி.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கதை வேறு. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு மாகாணம் முழுப் பணம் தருகிறது. டொரொன்டோ தமிழ்ப் பிள்ளைகள் பலர் படிப்பதும் அவற்றில்தான். யூதப் பள்ளிக்கு ஒன்றும் கிடையாது. ஒரு யூதத் தந்தை இதை ஐ.நா. மனித உரிமைக் குழு வரை கொண்டுபோனார். இது பாகுபாடுதான் என்று 1999-இல் குழு சொன்னது. ஆனாலும் யூதப் பள்ளிகளுக்கு மாகாணம் நேரடியாகப் பணம் தரத் தொடங்கவில்லை. 2007 மாகாணத் தேர்தலில் எல்லா மதப் பள்ளிகளுக்கும் பணம் தருவேன் என்று வாக்குறுதி கொடுத்த கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் ஜான் டோரி, பெரிதும் அந்த வாக்குறுதியாலேயே தோற்றார். அதன் பிறகு அங்கே பெரிய கட்சி எதுவும் அந்தப் பேச்சை எடுப்பதாக இல்லை. பாதர்ஸ்ட் தெருப் பெற்றோர்கள் பள்ளி வரியையும் கட்டி, ஃபீஸையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.